உண்டியலும் உரிமமும்

ஈ, தா, கொடு என்னும் மூன்றும் இரத்தற் சொற்கள் என்பது தொல்காப்பியம் கற்றார் அனைவரும் அறிந்ததே. ஒரு பொருள் சுட்டுவன போலத் தோன்றினும் இம்மூன்றும் கேட்போனின் நிலையை ஒட்டி வேறுபடும். தாழ்ந்தோன் கேட்பது ஈ. ஒத்தோன் கேட்பது தா. உயர்ந்தோன் கேட்பது கொடு. இவ்வளவும் வகுப்பறையில் நாம் ஆண்டுதோறும் சொல்லி வருவது. இதனை அடுத்து எச்சவியலில் ஆசிரியர் கூறும் ஒரு நுட்பத்தைத்தான் பலரும் விரைந்து கடந்து விடுகிறோம். கொடு என்னும் சொல் இயல்பாகப் படர்க்கைக்கு உரியது. அஃதாவது, எனக்கோ உனக்கோ அன்றி, அங்குள்ள அவனுக்கு வழங்குதலையே அது குறிக்கும். அப்படியானால் உயர்ந்தோன் தனக்கென்று கேட்கையில் அச்சொல்லை எவ்வாறு ஆளலாம்? தன்னையே பிறன் ஒருவன் போல வைத்துக் கூறும் குறிப்பினால் ஆளலாம் என்று தொல்காப்பியர் விடை தருகிறார்.

இலக்கண நுட்பம் என்று மட்டும் இதனைக் கொள்ளாமல், பிறருக்கென்று கை நீட்டி நிதி திரட்டும் இற்றை நாள் வழக்கத்தோடு பொருத்திப் பார்த்தால் அதன் ஆழம் புலப்படும். நோயாளிக்குக் கொடு, அநாதைப் பிள்ளைக்குக் கொடு, பள்ளிக் கட்டடத்துக்குக் கொடு என்று கேட்பவன் படர்க்கைக்காகவே கேட்கிறான். அவன் கேட்கும் படர்க்கை மெய்யான படர்க்கைதானா, அன்றித் தன்னையே பிறன்போல் நிறுத்திக் காட்டும் குறிப்பா என்பதே கொடுப்போன் அறிய வேண்டிய ஒன்று. அறத்தின் பெயரால் நிதி திரட்டுவோரை அரசு எதற்காகக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற வினாவும் இதனுள் அடங்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இதற்கென உள்ள சட்டங்களைப் படித்துப் பார்த்த அளவில், அவை உண்டியலைப் பிடித்திருக்கும் கையை நன்றாகவே பார்க்கின்றன என்றும், அந்தக் கைக்கு உரியவன் சொன்ன சொல்லையும் பின்னர்க் காட்ட வேண்டிய கணக்கையும் நெடுங்காலம் அந்த அளவுக்குப் பார்க்கவில்லை என்றும் கருத இடமுண்டு. அதனைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் பழைய இலக்கியத்தில் இரப்போர் பலர் வருகின்றனர். பாணர், பொருநர், கூத்தர், புலவர் எல்லாரும் தத்தம் சுற்றத்தின் பசிக்காகத் தாமே சென்று கேட்டவர்கள். பரிசில் பெற்று மீள்வோன் பெறாதவனுக்கு வழி சொல்லும் ஆற்றுப்படையிலும் இடையில் ஒருவன் நின்று வாங்கிச் சேர்ப்பதில்லை. பெற்றவன் வள்ளலின் பெயரையும் ஊரையும் வழியையும் சொல்லி விலகிக் கொள்கிறான். தரகு ஏதும் கேட்பதில்லை. திருவள்ளுவர் இரவு என ஓர் அதிகாரமும் இரவச்சம் என ஓர் அதிகாரமும் அடுத்தடுத்து வைத்ததனை முரண் என்று மாணவர் கேட்பதுண்டு. மானம் கெடாத இரத்தலை முன்னதிலும், மானம் கெட வரும் இரத்தலுக்கு அஞ்சுதலைப் பின்னதிலும் கூறினார் என்று உரையாசிரியர் பரிமேலழகர் அமைதி காட்டுவார். அங்கும் பேசப்படுவது தனக்காக இரப்பவனே.

பிறருக்காகக் கை நீட்டியவள் என்று நம் காப்பிய உலகில் முன்னிற்பவள் மணிமேகலை. அமுதசுரபியைக் கையில் ஏந்தி, ஆதிரையிடம் முதற் பிச்சை ஏற்று, அதனைக் கொண்டு புகார் நகரத்துப் பசித்தவர்களை ஊட்டினாள். மன்னனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கினாள். கற்பனையின் சிறப்பு ஒருபுறம் இருக்க, நிதி திரட்டல் என்ற நோக்கில் பார்த்தால் இங்கே இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, ஏற்ற பொருளும் ஊட்டிய உணவும் ஒரே தெருவில், ஒரே கண்கள் காண நிகழ்ந்தன. மற்றொன்று, அப்பாத்திரம் எடுக்க எடுக்கக் குறையாதது. குறையாத பாத்திரத்துக்குக் கணக்கு எழுத வேண்டியதில்லை. நம் கையில் உள்ள தகர உண்டியலோ எடுத்தால் குறைவது. யார் எடுத்தார், எவ்வளவு எடுத்தார் என்ற கேள்வி அதனோடு கூடப் பிறந்தது.

அந்தக் கேள்வியைத் தமிழர் வெள்ளைக்காரனிடமிருந்து கற்றுக் கொண்டோம் என்று எண்ணுவாரும் உளர். உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளை அவர்கள் நினைவு கூர வேண்டும். குடவோலை முறைக்காக அவற்றைப் போற்றுகிறோம். அவற்றில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு யார் தகுதியற்றவர் என்ற பட்டியலும் உண்டு. முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவன் மீண்டும் பெயர் எழுதப்படத் தகுதியற்றவன். அவன் மட்டுமல்லன், அவனுடைய நெருங்கிய உறவினரும் அவ்வாறே. திருடினான் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை, கணக்குக் காட்டவில்லை என்பதே போதும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஊர்ச் சபை கண்டறிந்த இந்த முறை எளிமையாலும் கடுமையாலும் வியக்கத்தக்கது. உறவினரையும் சேர்த்துத் தள்ளியது இற்றை நாள் நீதிக்கு ஒவ்வாது என்பது உண்மையே. எனினும் பினாமி என்னும் நோயை அச்சபையார் அறிந்திருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

இனி, நம் நாடுகளின் சட்டத்துக்குத் தாய் வீடாகிய இங்கிலாந்துக்குச் செல்வோம். அங்கே நெருப்பாலும் வெள்ளத்தாலும் கேடுற்ற ஊர்களுக்காக, அரசனின் திருமுகம் ஒன்றைப் பெற்றுத் தேவாலயந்தோறும் படித்துக் காசு தண்டும் வழக்கம் இருந்தது. அரச முத்திரை இருந்தமையால் மக்கள் நம்பினர். நாளடைவில் அதுவே ஒரு தொழிலாயிற்று. இலண்டனில் வாழ்ந்த சாமுவேல் பீப்ஸ் என்பார், ஞாயிறு தவறாமல் இந்தத் தண்டல் வருவதைக் கண்டு சலித்து, இனித் தருவதில்லை என்று முடிவு செய்ததை 1661-இல் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1705-இல் ஒரு சட்டம் இதனை ஒழுங்குபடுத்த முயன்றது. 1828-இல் அம்முறையே ஒழிக்கப்பட்டது. அரச முத்திரையே ஏமாற்றுக்கு மறைவாகக் கூடும் என்ற பாடம் இங்கிருந்து தொடங்குகிறது. இற்றை உரிமத்தைப் பற்றி எண்ணும்போது இதனை மறக்கலாகாது.

முதல் உலகப் போரின்போது போர்வீரர் நலனுக்கென்று கிளம்பிய போலித் திரட்டல்களால் 1916-இல் போர்க்கால அறநிதிகளைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. வீடு வீடாகச் சென்று தண்டுவதற்கான உரிமச் சட்டம் 1939-இல் இயற்றப்பட்டது. அச்சட்டத்தில் உரிமம் மறுப்பதற்கான காரணங்கள் சில கூறப்பட்டன. திரண்ட தொகையில் அறத்துக்குச் செல்லும் பங்கு போதாததாக இருத்தல், திரட்டுவோர் பெறும் ஊதியம் மிகையாக இருத்தல், கேட்பவர் தகுதியற்றவராக இருத்தல் ஆகியவை அவற்றுட் சில. போதாத பங்கு எது என்று எண் கூறவில்லை; அதிகாரியின் மதிப்பீட்டுக்கு விட்டுவிட்டனர். 1947-இல் வந்த விதிகள் முத்திரையிட்ட உண்டியல், அடையாள வில்லை, சான்றிதழ் ஆகியவற்றை வகுத்தன.

அதே 1947-இல் இங்கும் சட்டம் வந்தது. வீடு வீடாகவும் தெருக்களிலும் தண்டுவதற்கான அச்சட்டம் இன்றும் இரு நாடுகளிலும் அதே ஆண்டின் பெயரோடு வழங்குகிறது. மலேசியாவில் அது 200-ஆம் சட்டம். போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த மலாயாவின் தெருவில் உண்டியல் குலுக்கியவனை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம் இது என்பதனை அதன் பெயரே காட்டும். வீடு, தெரு என்னும் இரண்டே இடங்களை அது அறியும். உரிமம் இல்லாமல் கேட்பவனைக் காவலர் பிடிக்கலாம். உரிமம் உள்ளவனை நம்பி நாம் கொடுக்கலாம். இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. சாப்பாட்டுக் கடைகளில் மேசை மேசையாகப் படத்தைக் காட்டிப் பணம் கேட்போரைத் தடுக்க இன்றும் இச்சட்டமே கைகொடுக்கிறது. ஆனால் பெருங்கொள்ளை தகர உண்டியலோடு தெருவில் வருவதில்லை. அது குளிரூட்டிய அறையில், நல்ல பெயரோடும் வரிச்சலுகையோடும் வரும். இதற்கு நம் வட்டாரத்தில் நடந்த சான்று ஒன்று உண்டு. அதனைச் சற்று விரிவாகவே கூற வேண்டும்.

சிங்கப்பூரின் தேசியச் சிறுநீரக அறநிறுவனம் 1969-இல் தோன்றியது. சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு இரத்தச் சுத்திகரிப்புச் செய்வது அதன் பணி. அப்பணி மெய்யானது, அதனால் உயிர் பிழைத்தோர் மெய்யானவர்கள். தொலைக்காட்சியில் பெரிய கலைநிகழ்ச்சிகளை நடத்தி, நடிகர்கள் உயிரைப் பணயம் வைக்கும் வித்தைகளைக் காட்ட, பரிசுகளை அறிவித்து, தொலைபேசி அழைப்பினால் பணம் தருமாறு கேட்டு, அந்நிறுவனம் நாட்டிலேயே மிகப் பெரிய அறநிறுவனம் என்னும் நிலையை அடைந்தது. தலைமை நிர்வாகி டி. டி. துரை. மேலாளர்கள் முதல் வகுப்பில் வானூர்திப் பயணம் செய்கின்றனர் என்ற பேச்சு 1990-களின் இறுதியிலேயே எழுந்தது. அதனைச் சொன்னவர்கள் மீது மானநஷ்ட வழக்குத் தொடுக்கப்பட்டது. அவர்கள் மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் தர வேண்டியதாயிற்று. அவர்கள் சொன்னது உண்மை என்பது பின்னர்த்தான் வெளிப்பட்டது. அறத்தைக் காக்கும் சட்டம் உறங்க, பெயரைக் காக்கும் சட்டம் மட்டும் விழித்திருந்த காலம் அது.

2004-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஸ்டிரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழில் வந்த ஒரு கட்டுரை, தலைமை நிர்வாகியின் தனிக் கழிப்பறைக்குத் தங்க முலாம் பூசிய குழாய் கேட்கப்பட்ட செய்தியைச் சொன்னது. மீண்டும் மானநஷ்ட வழக்கு. இம்முறை எதிர்வழக்காடிய பத்திரிகை நிறுவனம் பணியவில்லை. 2005-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள் தொடங்கிய வழக்கு விசாரணை மறுநாளே முடிந்தது. வழக்குத் தொடுத்தவர்களே அதனைக் கைவிட்டனர். அந்த இரண்டு நாள் குறுக்கு விசாரணையில் வெளிவந்தவை பல. தலைமை நிர்வாகியின் ஆண்டு வருவாய் ஏறக்குறைய 6 இலட்சம் வெள்ளி. கையிருப்பு 26 கோடி வெள்ளிக்கும் மேல். அது மூன்று ஆண்டுகளுக்கே போதும் என்று கொடையாளரிடம் சொல்லப்பட்டு வந்தது. நோயாளிகளின் சிகிச்சைச் செலவை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் பல பத்தாண்டுகளுக்குப் போதும். நோயாளிகளின் எண்ணிக்கையும் மிகைப்படுத்திக் கூறப்பட்டிருந்தது. ஜூலை 14-ஆம் நாள் அவரும் நிருவாகக் குழுவினரும் விலகினர். மாதந்தோறும் பணம் தந்து வந்தோர் ஆயிரக்கணக்கில் நிறுத்திக் கொண்டனர். கேபிஎம்ஜி என்னும் கணக்காய்வு நிறுவனத்தார் அவ்வாண்டு டிசம்பரில் நீண்டதோர் அறிக்கையை வெளியிட்டனர். பின்னர் 20,000 வெள்ளிக்கான போலிப் பற்றுச்சீட்டு ஒன்றின் தொடர்பில் துரை 2007-இல் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு, மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

இந்த வழக்கினை ஊழல் கதையாகப் படித்துவிட்டுப் போவோர் பலர். திறனாய்வு நோக்கில் பார்ப்பவர் வேறொன்றைக் காண வேண்டும். தங்கக் குழாயைக் காட்டிலும், சம்பளத்தைக் காட்டிலும் கொடியது எது? கையிருப்பு மூன்று ஆண்டுக்கே போதும் என்று சொன்ன சொல்லே. அச்சொல்லை நம்பித்தான் ஒருவன் தன் பிள்ளையின் சேமிப்பிலிருந்து பத்து வெள்ளி தந்தான். அவன் ஏமாந்தது கணக்கேட்டில் அன்று, கேட்ட வாக்கியத்தில். 1947-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வாக்கியத்தைப் பார்க்கக் கண்ணில்லாதது. 1994-இல் இயற்றப்பட்ட சிங்கப்பூர் அறநிறுவனச் சட்டத்திற்குக் கண் இருந்தும், அந்நாளில் அறநிறுவன ஆணையர் பொறுப்பு உள்நாட்டு வருவாய்த் துறையிடம் இருந்தது. வரி தண்டும் அதிகாரியிடம் அறத்தைக் காக்கும் பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்தால், விலக்குக்குத் தகுதி உண்டா என்று அவர் பார்ப்பாரேயன்றி, கொடையாளனிடம் உண்மை சொல்லப்பட்டதா என்று பார்ப்பது அரிது. தொல்காப்பியர் கூறிய தன்னைப் பிறன்போல் கூறும் குறிப்பு அங்கே நிறைவேறியதைப் பார்க்க ஒருவரும் இருக்கவில்லை.

குற்றம் கண்ட பின்னர்ச் சிங்கப்பூர் அரசு விரைந்து செயற்பட்டது என்பதனை மறுத்தல் தகாது. 2006-இல் ஆணையர் பொறுப்பு வருவாய்த் துறையிலிருந்து சமூக மேம்பாட்டு அமைச்சுக்கு மாறியது. 2007-இல் சட்டம் திருத்தப்பட்டது. அறநிறுவன மன்றம் ஒன்று அமைந்தது. நிருவாக நெறிக்கோவை ஒன்றும் வந்தது. இதற்கிடையே ரென் சி என்னும் மருத்துவமனையை நடத்திய புத்த பிக்கு மிங் யீயின் வழக்கும் வந்து சேர்ந்தது. 2009-இல் அவர் தண்டிக்கப்பட்டார். காவி உடையும் கணக்குக்கு விலக்கன்று என்பது அதனால் நிலைநாட்டப்பட்டது.

வரிக்கழிவுப் பற்றுச்சீட்டு வழங்கும் தகுதி பெற்ற நிறுவனங்களுக்கு அங்கே 30-க்கு 70 என்னும் விதி ஒன்று உண்டு. நிதி திரட்டுவதற்கு ஆகும் செலவு ஓராண்டில் அவ்வகையில் திரண்ட தொகையில் 30 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. கேட்பதற்கு எளிய விதி. பள்ளிப் பிள்ளையும் வகுத்துப் பார்த்து விடலாம். எளிமையே அதன் சிறப்பு, குறையும் அதுவே.

இதே விகிதக் கணக்கை அமெரிக்க ஊர்களும் மாநிலங்களும் முயன்று பார்த்தன. இலினாய் மாநிலத்து ஷாம்பர்க் என்னும் ஊர், வருவாயில் 75 விழுக்காட்டை அறத்துக்கே செலவிடாத அமைப்பு வீடு வீடாகச் சென்று கேட்கலாகாது என விதித்தது. 1980-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளியது. 1984-இல் மேரிலாந்தின் 25 விழுக்காட்டு வரம்பும், 1988-இல் வட கரோலைனாவின் விகித விதியும் அவ்வாறே வீழ்ந்தன. நிதி கேட்பது வெறும் வாணிகம் அன்று. கொள்கையைச் சொல்வதும் ஆதரவு தேடுவதும் அதனோடு பின்னியவை. ஆகவே அது பேச்சுரிமையின் பாற்படும் என்பது நீதிபதிகள் கண்ட முடிபு. இன்னும் முன்னர், 1940-இல், எது சமயப் பணி என்று அதிகாரி ஒருவர் தீர்மானித்து உரிமம் தரும் முறையையும் அந்நீதிமன்றம் கான்ட்வெல் வழக்கில் ஏற்கவில்லை. அப்படியானால் ஏமாற்றுவோர் தப்பினரோ எனின், அதுவும் இல்லை. போரிலிருந்து மீண்ட வீரர்களுக்கென்று கேட்டு, நூற்றுக்கு 85 பங்கைத் தாமே வைத்துக் கொண்ட ஒரு தொலைபேசித் திரட்டல் நிறுவனத்தின் வழக்கு 2003-இல் வந்தது. விகிதத்துக்காக அவர்களைத் தண்டிக்க முடியாது. ஆனால் பெரும்பங்கு வீரர்க்கே செல்லும் என்று பொய் சொல்லிக் கேட்டிருந்தால் வஞ்சகத்துக்காக வழக்குத் தொடரலாம் என்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்த்தனர்.

அமெரிக்கர் பேச்சுரிமையைப் போற்றும் அளவு நம் நாடுகளில் யாரும் போற்றுவதில்லை. அந்த வழியை அப்படியே இங்கே கொண்டு வருக என்று சொல்வதற்கில்லை. திரட்டுவோன் 85 பங்கை எடுத்துக் கொள்வது அவன் உரிமை என்றால் நம் ஊர்ப் பாட்டி ஒருத்தியும் ஒப்பமாட்டாள். அவள் ஒப்பாதது சரியே. எனினும் விகிதத்தை நோக்கி அந்நீதிமன்றம் எழுப்பிய ஐயம் கருதத்தக்கது. சிங்கப்பூர் நிறுவனத்தின் குற்றம் திரட்டற் செலவு மிகுந்தது என்பதோடு முடியவில்லை. திரண்டபின் தேங்கியதும், தேங்கியதை மறைத்ததும், மறைத்துவிட்டு மேலும் கேட்டதுமே அதன் குற்றங்கள். 30 விழுக்காட்டுக்குள் செலவழித்துக் கொண்டே இம்மூன்றையும் ஒருவர் செய்யலாம். மறுபுறம், யாரும் அறியாத நோய் ஒன்றுக்காக முதலாண்டில் நிதி கேட்கும் சிறிய அமைப்பு, நோயை விளக்கித் துண்டறிக்கை அடிப்பதற்கே பாதியைச் செலவிட நேரலாம். தொழுநோயாளரைத் தொட அஞ்சிய காலத்தில் அவர்களுக்கென்று கேட்டவர்களுக்கு எத்தனை விழுக்காடு மிஞ்சியிருக்கும்? எண்ணால் அளப்பது எளிது என்பதனாலேயே அளக்க வேண்டியது அதுவே என்று கொள்வது, கையெழுத்து அழகாக இருந்தால் கட்டுரைக்கு முழு மதிப்பெண் தருவதைப் போன்றது.

சிங்கப்பூரில் மற்றொரு விதி நம்மவர் பலரைத் தொடும். வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டுவோர் ஆணையரின் அனுமதி பெற வேண்டும். திரண்டதில் 80 பங்கினை நாட்டுக்குள்ளேயே செலவிட வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. தனிப்பட்ட முறையில் கேட்பதற்கும், பேரிடர்க் காலத்துக்கும் அது தளர்த்தப்படுவதுண்டு. பிறந்த ஊரில் கோயில் குடமுழுக்கு, பள்ளிக்கூடத்துக் கூரை என்று வேலையிடத்து நண்பர்களிடம் காசு சேர்ப்பது தமிழகத்துத் தொழிலாளர்களிடம் இயல்பான வழக்கம். தம் ஊர்க்காரருக்குள் அது முடியும் வரை கேடில்லை. அறியாதவர்களிடம் கைப்பேசிச் செய்தி வழியே பரவும்போது அது பொதுத் திரட்டல் ஆகிவிடுகிறது என்பது அவர்களுட் பலருக்குத் தெரியாது. அந்நாட்டுப் பணம் அந்நாட்டு ஏழைக்கே என்னும் நோக்கத்தில் அரசியல் நியாயம் உண்டு. பயங்கரவாதத்துக்கு நிதி செல்வதைத் தடுக்கும் காரணமும் உண்டு. ஆயினும் தன் வறுமையைத் தன் ஊரிலேயே வைத்துவிட்டு வந்தவனுக்கு இந்த 80 பங்கு எவ்வாறு தோன்றும் என்பதனையும் விதி வகுப்போர் எண்ண வேண்டும்.

மலேசியாவின் நிலை வேறு. இங்கே எல்லா அறநிறுவனங்களையும் ஒருங்கே பார்க்கும் ஆணையர் பதவி உருவாகவில்லை. சங்கமாகப் பதிந்தால் 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம்; உத்தரவாதத்தால் வரம்புற்ற கம்பெனியாகப் பதிந்தால் கம்பெனி ஆணையம்; அறங்காவலராகப் பதிந்தால் 1952-ஆம் ஆண்டுச் சட்டம்; வரிவிலக்குக்கு 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம்; தெருவில் கேட்டால் காவல்துறை. ஒரே காசு எந்தப் பையில் விழுகிறது என்பதைப் பொறுத்து ஐந்து வாசல்கள். கொடுத்தவன் ஐயம் கேட்க எந்த வாசலில் நிற்பான்? இத்தனைக்கும் நம்மவருக்குப் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. நீரிணைக் குடியேற்ற அரசு 1905-இல் இயற்றிய முகம்மதிய, இந்து அறநிலையச் சட்டம், கேடாக நடத்தப்பட்ட அறநிலையங்களை வாரியத்தின் கீழ்க் கொண்டுவர இடம் தந்தது. பினாங்கு இந்து அறப்பணி வாரியம் அதன் வழிவந்ததே. அப்போது கண்டறியப்பட்ட நோய், கோயிற் சொத்தின் கணக்கு ஒருவர் வீட்டுப் பெட்டிக்குள் இருந்தமைதான்.

தமிழ்ப்பள்ளிகளை நினைத்தே இதனை எழுத நேர்ந்தது. நாட்டில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுட் பல, அரசின் பகுதி உதவியையே பெறுவன. மண்டபம், கணினி அறை, பாலர் வகுப்பு என்று எதற்கும் மக்களிடம் கை நீட்ட வேண்டியிருக்கிறது. விருந்து மேசை விற்கிறோம், நன்கொடைப் புத்தகம் அடிக்கிறோம், பிள்ளைகள் கையில் அட்டை கொடுத்து அனுப்புகிறோம். தோட்டத்தில் சம்பள நாளன்று கோயிலுக்கென்று காசு பிடித்த பழைய வழக்கத்தின் மறுபிறப்பே இது. சம்பளத்தில் பிடித்ததைக் கொடை என்று சொல்லத் தகுமா என்று அந்நாளில் யாரும் கேட்டதில்லை. பிள்ளையின் கையில் அட்டையைக் கொடுத்தனுப்புவதும் ஏறக்குறைய அதே வகையினதே. பெற்றோர் மறுத்தால் பிள்ளை தலைகுனியும். சில ஆண்டுகளுக்கு முன்னர், பள்ளிக் கட்டடம் ஒன்றுக்கென்று ஓர் அமைப்பினர் என் ஆசிரியர் அறைக்கு வந்து விருந்துச் சீட்டு விற்றனர். உரிமத்தின் படி காட்டினர், முத்திரையும் இருந்தது. ஆசிரியர் அனைவரும் வாங்கினர். விருந்து நடந்தது. கட்டடம் எழவில்லை. எவ்வளவு திரண்டது, விருந்துக்கு எவ்வளவு ஆயிற்று, மிச்சம் எங்கே என்று இருமுறை கடிதம் எழுதியும் மறுமொழி இல்லை. உரிமம் போலியன்று என்று அதிகாரிகள் உறுதி சொன்னார்கள். அது எனக்கும் தெரிந்ததே.

உரிமம் வாங்கியவன் கணக்கை அதிகாரியிடம் காட்டினால் போதும், கொடுத்தவனுக்குக் காட்ட வேண்டியதில்லை என்ற எண்ணம் எங்கும் நிலவுகிறது. அதிகாரியிடம் செல்லும் கணக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். கேட்கும்போது மட்டும் தமிழில் கேட்கிறோம், அதுவும் உருக்கமான தமிழில். 1950-களின் நடுப்பகுதியில் கோ. சாரங்கபாணி தமிழ் முரசின் வாயிலாக மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறையில் தமிழ் நூலகம் அமையத் தமிழ் எங்கள் உயிர் நிதி திரட்டியபோது, பால் மரம் வெட்டியவர்களும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் கொடுத்தனர். கேட்டது தமிழில், கொடுத்தவர் அறிந்ததும் தமிழில். வாங்கிய நூல்கள் யாவரும் சென்று தொட்டுப் பார்க்கக் கூடியவை.

சட்டம் திருத்தப்படும் என்று காத்திருக்காமல் தமிழ்ப்பள்ளி வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இதனைத் தாமே தொடங்கலாம். திரட்டல் முடிந்த மூன்று மாதத்துக்குள், திரண்ட தொகை, திரட்டிய செலவு, பணிக்குச் சென்றது, கையில் மிஞ்சியது என்ற நான்கு வரிகளைத் தமிழில் எழுதிப் பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும், முடிந்தால் நாளிதழிலும் வெளியிட வேண்டும். நான்காவது வரியை விட்டுவிட்டு மற்ற மூன்றை மட்டும் எழுதுவோர் மிகப் பலர் இருப்பர் என்பதனால், அதனை முதல் வரியாகவே வைத்து எழுதுமாறு கேட்டுக் கொள்வது நலம்.